மேகச் சேவல்

கருமத்தம்பட்டி,
ஜூன் 9, 2024

கண்ணு நந்திதாவுக்கு,

அத்தை எழுதுகிறேன். முழங்கால் மட்டும் முரண்டு பிடிக்கிறது. மற்றபடி திடமாகத்தான் இருக்கிறேன். பெருந்துறை விடுதியில் சோறு வாயில் வைக்கிற மாதிரி இருக்கிறதா? இரண்டாம் தடவை பரீட்சை எழுதுகிறோமே என்று மனசைப் போட்டுக் குழப்பாமல் படி.

நான் பல்லடத்துத் தோட்டத்துச் சாளை வீட்டில் இல்லை என்பது உனக்குத் தெரிந்திருக்கும். உன் அப்பன் என்ன சொல்லியிருப்பான் என்பதும் எனக்குத் தெரியும். 'அவ கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா' என்றிருப்பான். நான் கோபித்துக்கொண்டு வரவில்லை கண்ணு. துரத்தினான், வந்தேன்.

பொங்கலுக்குக் கோழிக் கண்காட்சியில் நம் மேகச் சேவல் முதல் பரிசு வாங்கியதே, நினைவிருக்கிறதா? மழைக்கு முந்தைய வானத்து நிறம் என்று ஊரே நின்று பார்த்தது. உன் மாமா போய்ச் சேர்ந்து நான் பிறந்த வீட்டுக்குத் திரும்பியதிலிருந்து ஒவ்வொரு குஞ்சாகப் பொறுக்கி வளர்த்தவள் நான். மேடையில் மைக்கைப் பிடித்தவன் உன் அப்பன். "எங்கப்பாரு காலத்துல இருந்து வர்ற வம்சமுங்க இது" என்றான். எங்கள் அப்பாரு காலத்தில் வீட்டில் கோழியே கிடையாது. எருமைதான் இருந்தது.

அதன்பிறகு கோபியிலிருந்தும் கோயமுத்தூரிலிருந்தும் ஆட்கள் அடைக்கு வைக்க முட்டை கேட்டு வந்தார்கள். பண்ணைக்குப் போர்டு வைக்கும்போது என் பெயரையும் ஒரு ஓரத்தில் போடச் சொன்னேன். அவ்வளவுதான் கேட்டேன். "தங்கறது என்ற ஊடு, திங்கறது என்ற சோறு, கோழி மட்டும் எப்படி உன்றதாகும்?" என்றான். பேச்சு முற்றியது. மேகக் கோழிகள் எல்லாவற்றையும் பிடித்துத் தனிக் கூண்டில் அடைத்தான். "கறுப்பும் அழுக்கு வெள்ளையும் கலந்து கெடந்துதான் வம்சம் கெட்டுது. சுத்தம் பண்றேன்" என்று சொல்லி, கறுப்புச் சேவல் ஒன்றையும் சாம்பல் தெளித்த மாதிரி இருக்குமே அந்த அழுக்கு வெள்ளைப் பொட்டைகளையும் என் கூடையில் போட்டான். "கொழம்பு வெச்சுத் தின்னு" என்றான்.

இங்கே ஒரு லைன் வீட்டில் இருக்கிறேன். பக்கத்துத் தறிக் குடோனில் நூலைத் தாரில் சுற்றும் வேலை. நாள் முழுக்கத் தறிச் சத்தம். கோழிகள் முதல் வாரம் தூங்கவே இல்லை.

உன்னிடம் ஒளிக்க மாட்டேன். அதே மைதானத்தில், அதே மைக்குக்கு முன்னால் அவன் மூக்கறுபட்டு நிற்பதை நான் பார்க்க வேண்டும். எப்படி என்று தெரியவில்லை. ஆனால் பார்க்காமல் எனக்குக் கண் மூடாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அத்தை,
பொன்னாத்தாள்


பெருந்துறை,
ஜூன் 27, 2024

அன்பு அத்தைக்கு,

நந்திதாவின் வணக்கங்கள். முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா? எனக்கு ஒரு குறையும் இல்லை, தினமும் ஒரே சாம்பார் என்பதைத் தவிர.

இங்கே போன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆபீஸ் போனில் அப்பா நம்பருக்குப் பேசவிடுவார்கள். அதனால் கடிதம்தான் வழி. வார்டன் மேடம் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் தருவார். உங்கள் கடிதத்தைத் தரும்போது, "உங்க வீட்டுல கோழிக்குத்தான் சண்டையா?" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

அப்பா நீங்கள் சொன்னதையேதான் சொன்னார். "கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா கண்ணு, ரெண்டு நாள்ல வந்துருவா" என்றார். பின்னால் அம்மா இருமுவது கேட்டது.

உங்கள் பெயரை ஓரத்தில் போடுவதற்கு அவருக்கு என்ன வந்தது அத்தை? நினைக்க நினைக்க எரிகிறது. ஆனால் பழி, மூக்கறுப்பது என்றெல்லாம் எழுதாதீர்கள், பயமாக இருக்கிறது. அந்தக் கோழிகளை மட்டும் அறுத்துவிடாதீர்கள். உங்களுக்குத் துணையாவது இருக்கும்.

அடுத்த மாதம் கிருபாசங்கர் சார் மரபியல் பாடம் தொடங்குகிறார். போன வருடம் எனக்கு மார்க் போனதே அதில்தான்.

பதில் போடுங்கள், காத்திருப்பேன்.

உங்கள்,
நந்திதா


கருமத்தம்பட்டி,
ஜூலை 30, 2024

என் கண்ணு நந்திதா,

நீ நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு, நலம் விசாரிப்பதைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். எனக்கு நடந்ததைச் சொல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

அறுக்க மனசு வரவில்லை. இரண்டு பொட்டைகள் அடைக்கு உட்கார்ந்தன, சரி போகட்டும் என்று முட்டை வைத்தேன். குஞ்சு பொரித்தது. பஞ்சாரக் கூடையைத் தூக்கிப் பார்க்கிறேன், அத்தனையும் மேகம்! ஒன்றுகூடக் கறுப்பு இல்லை, ஒன்றுகூட அழுக்கு வெள்ளை இல்லை. சாளையில் இத்தனை வருடம் வளர்த்தும் ஓர் அடையில் முழுசாக மேகம் எனக்கு வந்ததே கிடையாது. எல்லாம் கலந்துகட்டித்தான் வரும்.

தகப்பன் கறுப்பு. தாய் அழுக்கு வெள்ளை. இந்தக் கொல்லைப் பொடக்காளியில் வேறு சேவலே இல்லை, சுவர் ஆள் உயரம். அப்புறம் எப்படி? பக்கத்து வீட்டு முத்தாத்தாள், "கருமத்தம்பட்டித் தண்ணிக்கு அப்படித்தானுங்க" என்கிறாள். தண்ணீருக்குக் குஞ்சு நிறம் மாறுமா? ஓர் அறை விடலாமா என்று வந்தது, அவள் நல்லவள், விட்டுவிட்டேன்.

உன் புத்தகத்தில் இதற்கு ஏதாவது எழுதியிருக்கிறதா? பார்த்துச் சொல்.

வேளைக்குச் சாப்பிடு.

அத்தை


பெருந்துறை,
ஆகஸ்ட் 11, 2024

அன்பு அத்தைக்கு,

நான் சுகம். நீங்களும் குஞ்சுகளும் சுகம்தானே? உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வகுப்பிலேயே கத்திவிட்டேன். இது அப்படியே எங்கள் பாடம்!

பொறுமையாகப் படியுங்கள். எந்தப் பண்பாக இருந்தாலும் உடம்புக்குள் அதற்கு இரண்டு காரணிகள் இருக்கும். ஒன்று தாய் கொடுத்தது, ஒன்று தகப்பன் கொடுத்தது. அதுதான் ஜீன். ஒரே ஜீனுக்கு வேறு வேறு வடிவம் இருந்தால், அந்த வடிவங்களுக்கு அல்லீல் என்று பெயர். இரண்டும் ஒரே வடிவம் என்றால் ஹோமோசைகஸ். வேறு வேறு என்றால் ஹெட்டிரோசைகஸ்.

சில பண்புகளில் ஒரு அல்லீல் மற்றதை அமுக்கிவிடும். அமுக்குவது ஓங்கு பண்பு, அமுங்கிக் கிடப்பது ஒடுங்கு பண்பு. பட்டாணியில் நெட்டை குட்டையை அமுக்கிவிடுகிற மாதிரி. ஆனால் எல்லா இடத்திலும் அப்படி நடக்காது. சில சமயம் யாராலும் யாரையும் முழுசாக அமுக்க முடியாமல், நடுவாக ஒன்று வரும். அந்திமந்தாரையில் சிவப்பையும் வெள்ளையையும் கலந்தால் எல்லாப் பூவும் இளஞ்சிவப்பு. இதற்கு முழுமையற்ற ஓங்குத்தன்மை என்று பெயர். கிருபாசங்கர் சாரிடம் உங்கள் கோழியைப் பற்றிக் கேட்டேன். கோழியிலும் இந்த நிறத்துக்கு அதே கதைதான் என்றார்.

இப்போது உங்கள் கூண்டுக்கு வருவோம். கறுப்புச் சேவலிடம் இருப்பது இரண்டும் கறுப்பு அல்லீல். அழுக்கு வெள்ளையிடம் இருப்பது இரண்டும் வெள்ளை அல்லீல். குஞ்சு இரண்டு பேரிடமும் ஆளுக்கு ஒன்று வாங்குகிறது. ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை. அதுதான் மேகம். அதனால் அத்தனை குஞ்சும் மேகமாகத்தான் வரும், தப்பவே தப்பாது.

ஆனால் மேகத்தையும் மேகத்தையும் சேர்த்தால் பாதிக் குஞ்சுதான் மேகம். மீதியில் பாதி கறுப்பு, பாதி அழுக்கு வெள்ளை. எத்தனை தலைமுறை போனாலும் மேகம் சுத்தமான வம்சமாக நிற்கவே நிற்காது. வெளியே தெரிவது புறத்தோற்றம், உள்ளே இருப்பது ஜீனாக்கம் என்று எங்களுக்கு மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். உங்கள் கோழியால் எனக்கு இந்தப் பாடம் இனி மறக்காது.

அப்பா மேகங்களை மட்டும் வைத்துக்கொண்டு முட்டை விற்கிறாரே, பாவம், அவருக்குத் தெரியாது. அடுத்த ஞாயிறு போனில் சொல்லிவிடுகிறேன்.

முத்தங்களுடன்,
நந்திதா


கருமத்தம்பட்டி,
ஆகஸ்ட் 14, 2024

நந்திதா,

நலம். உன் கடிதம் இன்று வந்தது, இன்றே எழுதுகிறேன். ஞாயிறுக்கு முன் உன் கைக்கு வர வேண்டும்.

ஒரு வார்த்தை உன் அப்பனிடம் சொல்லாதே. என் மேல் சத்தியம்.

பாவமாம்! யாருக்குப் பாவம் பார்க்கிறாய்? உன் தாத்தா போனதும், "நீ கட்டிக் குடுத்த ஊட்டுக்குப் போனவ, கையெழுத்துப் போட்டுரு" என்றான். அண்ணன்தானே என்று போட்டேன், தோட்டம் போனது. பிறகு கோழியும் போனது. எது நல்லது என்று அவனே பொறுக்கி எடுத்துக்கொண்டு, எது குப்பை என்று அவனே முடிவு பண்ணி என் கூடையில் போட்டான். நான் அவனுக்கு எந்தக் கெடுதலும் பண்ணவில்லை. அவன் எடுத்துப் போனதை அவனே அனுபவிக்கட்டும் என்று சும்மா இருக்கப் போகிறேன், அவ்வளவுதான்.

விற்கட்டும். கோபிக்கு விற்கட்டும், கோயமுத்தூருக்கு விற்கட்டும், பாலக்காட்டுக்கும் விற்கட்டும். உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் தறி ஓட்டுகிறவன் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான்.

நீ நல்லபடியாகப் படி. வாயை மட்டும் மூடிக்கொள்.

அத்தை


பெருந்துறை,
செப்டம்பர் 29, 2024

அன்பு அத்தைக்கு,

உங்கள் முழங்காலும் மனசும் எப்படி இருக்கின்றன? எனக்குக் காய்ச்சல் வந்து போய்விட்டது. கவலைப்பட ஒன்றுமில்லை.

சொன்னபடி வாயைத் திறக்கவில்லை. ஆனால் இன்று அப்பா பார்க்க வந்திருந்தார். அவர் சொன்னதைக் கேட்டபிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் குஞ்சு பொரிக்கும் மிஷினில் வைத்த முட்டைகள் பொரித்துவிட்டன. நான் சொன்னது மாதிரியே எல்லா நிறமும் வந்திருக்கிறது. "ஊர்ச் சேவல் ஏறிப்போச்சு. செங்கோடன் கூண்டத் தொறந்து வெச்சிருக்கான்" என்கிறார். சாளையில் கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்த செங்கோடண்ணன் சாமி மேல் அடித்துச் சத்தியம் பண்ணினாராம். அப்பா கேட்கவில்லை. கன்னத்தில் அறைந்து, அன்றைக்கே சாளையை விட்டுக் கிளப்பிவிட்டார். செங்கோடண்ணன் மனைவிக்கு இது ஏழாம் மாதம், உங்களுக்கே தெரியும். இதை என்னிடம் சொல்லும்போது அப்பா மிக்சர் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

தப்பு செங்கோடண்ணன் மேல் இல்லை என்பது இந்த உலகத்தில் தெரிந்தது உங்களுக்கும் எனக்கும்தான். அப்பாவைப் பழி வாங்குங்கள், நான் குறுக்கே வரவில்லை. ஆனால் அடி வாங்கியது அவர் இல்லையே. நான் சொல்லிவிடட்டுமா? சத்தியத்தை நீங்களே திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

உடனே பதில் வேண்டும்.

நந்திதா


பெருந்துறை,
நவம்பர் 10, 2024

அன்பு அத்தைக்கு,

நலமா என்று கேட்கவே தயக்கமாக இருக்கிறது. தீபாவளி வந்து போய்விட்டது, உங்களிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. நான் நலம்.

சத்தியத்தை மீறிவிட்டேன். போன ஞாயிறு அப்பா வந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நோட்டில் கட்டம் போட்டு, ஒரு கறுப்பு ஒரு வெள்ளை என்று எழுதிக் காட்டினேன். அழுக்கு வெள்ளைப் பொட்டைகள்தான் முக்கியம், அவை அத்தையிடம் இருக்கின்றன, போய்க் கேளுங்கள், செங்கோடண்ணனைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்றேன்.

அப்பா கடைசிவரை கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். "இந்தப் பொஸ்தகத்த எழுதுனவன் கோழி வளத்திருக்கானா கண்ணு? பொட்டைங்கறது வெறும் கூடு. முட்டைய வெச்சுக் குடுக்கறதோட அதோட சோலி முடிஞ்சுது. வம்சமெல்லாம் சேவல்கிட்டத்தான். நம்ம கொலம், கூட்டத்தையே எடுத்துக்க. ஆம்பள வழிலதான வருது? நீ நாளைக்குக் கட்டிக்கிட்டுப் போனா வேற கூட்டம். உன்ற தம்பி கவின்தான் நம்ம கூட்டம்" என்றார்.

அதே மூச்சில் சொன்னார், "அதனாலதான் தோட்டத்தப் போன வாரம் கவின் பேர்ல எழுதிப்போட்டேன். உன்ற கையெழுத்து மட்டும் பாக்கி. பரீட்சை முடிஞ்சதும் போட்டுக்கலாம்."

தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு இதெல்லாம் புரியவே புரியாது. ஆனால் நான் கட்டம் போட்ட அந்தத் தாளை அப்பா என்னிடமிருந்து வாங்கி, மிக்சரைக் கொட்டித் தின்றுவிட்டுக் கசக்கிப் போட்டார். நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

என்னைத் திட்ட வேண்டுமென்றாலும் திட்டி ஒரு கடிதம் போடுங்கள்.

நந்திதா


கருமத்தம்பட்டி,
நவம்பர் 24, 2024

என் தங்கத்துக்கு,

எனக்கு ஒன்றும் இல்லை, உயிரோடுதான் இருக்கிறேன். நீ அழாதே.

பதில் போடாததற்குக் காரணம் உண்டு. உன் செப்டம்பர் கடிதத்தைப் படித்ததும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுச் செங்கோடனைத் தேடக் கிளம்பினேன். அவன் மாமியார் ஊரில் இல்லை, சூலூரில் இல்லை. கடைசியில் சோமனூரில் ஒரு செங்கல் சூளையில் பிடித்தேன். கன்னத்தில் மோதிரம் பட்ட தழும்பு இன்னும் இருந்தது. கையோடு இழுத்து வந்து எதிர் வீட்டில் குடிவைத்தேன், எங்கள் குடோனிலேயே வேலையும் ஆயிற்று. மனைவிக்குப் போன வாரம் பெண் குழந்தை. இரண்டும் சுகம். உனக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல்தான் இருந்தேன். நான் சும்மா இருந்ததற்கு அவன் அல்லவா அறை வாங்கினான். அந்தக் கணக்கையும் உன் அப்பன் பெயரில்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

நீ சொல்லிவிட்டாய் என்று படித்ததும் பக்கென்றது. அடிப்பாவி, கெடுத்தாளே என்று திட்டினேன். அடுத்த பாராவைப் படித்ததும் திட்டு நின்றுபோயிற்று. ஒளித்து வைக்கத் தேவையே இல்லை போலிருக்கிறதே! பெற்ற மகள் கட்டம் போட்டுக் காட்டியும் அந்த மனுசன் அதில் மிக்சர் தின்றிருக்கிறான்.

பொட்டை வெறும் கூடு. இதே வார்த்தையைத்தான் கையெழுத்து வாங்கும்போது எனக்கும் சொன்னான். அன்றைக்கு நான் அதை நம்பினேன் என்பதுதான் எனக்கு ஆத்திரம். நீ அவன் கேட்கிற கையெழுத்தைப் போடாதே. பரீட்சை இருக்கிறது, அது இருக்கிறது, இது இருக்கிறது என்று இழு.

என் மேகங்கள் கொழுகொழுவென்று வளர்கின்றன. பொங்கல் வரட்டும்.

உன் அத்தை


கருமத்தம்பட்டி,
ஜனவரி 21, 2025

நந்திதாக் கண்ணுக்கு,

பொங்கல் நல்லபடியாகப் போயிற்றா? விடுதியில் சர்க்கரைப் பொங்கலாவது போட்டார்களா? எனக்கு இந்த வருடம் பொங்கல் அன்றைக்கு இல்லை, கண்காட்சி அன்றைக்குத்தான்.

நானும் செங்கோடனும் கூடையோடு போனோம். உன் அப்பன் பெரிய பேனர் கட்டி, நடுவில் மேகச் சேவலைக் கட்டி உட்கார்ந்திருந்தான். கூண்டு மூலையில் எலுமிச்சம்பழம் தொங்கியது. என்னைப் பார்த்தான், பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் முட்டை வாங்கிப் போன கோயமுத்தூர் கோட்டைமேட்டு பஷீர் பாய் அட்டைப் பெட்டிகளோடு வந்தார். பின்னாலேயே கோபிக்காரர்களும். பாய் மரியாதைக்காரர், சத்தம் போடவில்லை. பெட்டியைப் பிரித்து வைத்தார். "அத்தனையும் மேகம்னு சொல்லித்தானுங்க முட்டை குடுத்தீங்க திருமூர்த்திண்ணா. இதுல பாதிதானுங்க மேகம். மிச்சமெல்லாம் காக்காயும், சுண்ணாம்பு வாளில உழுந்து எந்திரிச்சதுமா இருக்குதுங்க" என்றார். கூட்டம் சேர்ந்துவிட்டது.

"அதுங்களா, வேலைக்காரன் ஒருத்தன் இருந்தானுங்க. கூண்டத் தொறந்து வுட்டு ஊர்ச் சேவல ஏத்திப்போட்டான்" என்றான் உன் அப்பன், கூசாமல்.

செங்கோடனே முன்னால் போனான். "ஏனுங்க, நான் போயி நாலு மாசம் ஆச்சுங்க. இந்தப் பெட்டில இருக்கறதுல பாதி போன மாசம் பொரிச்ச குஞ்சுங்க. என்ற பேர எதுக்குங்க இழுக்கறீங்க?" என்றான். கோபிக்காரர் ஒருவர் கைகொட்டிச் சிரித்துவிட்டார். அப்போதுதான் நான் என் கூடையைத் திறந்தேன்.

எல்லாம் மேகம். சின்னது, பெரியது, சேவல், பொட்டை, எல்லாம். மைதானமே என் பக்கம் திரும்பியது. மைக்குக்காரர் ஓடி வந்து, "இது யாரு பண்ணைங்க அம்மா?" என்றார். "பண்ணையெல்லாம் இல்லீங்க. பொன்னாத்தாள் கோழின்னு சொல்லுங்க" என்றேன். சொன்னார். இரண்டு தடவை சொன்னார். "செய்வினை! செய்வினை வெச்சுப்போட்டா!" என்று உன் அப்பன் கத்தியது அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கேட்ட இரண்டு பேரும் சிரித்தார்கள். மத்தியானச் சோற்றுக்கு அவன் நிற்கவில்லை.

பாவம் என்று எனக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. இனிப்பாக இருந்தது. ராத்திரி படுத்தும் இனித்தது.

பாயும் மற்றவர்களும் அந்தக் கறுப்பு, அழுக்கு வெள்ளைக் குஞ்சுகளை மைதானத்திலேயே வீசிவிட்டுப் போனார்கள். நானும் செங்கோடனும் ஒன்று விடாமல் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டு வந்தோம். நீ சொன்ன கணக்குப்படி நாளைய மேகத்துக்கு அப்பனும் ஆத்தாளும் அவைதானே?

பரீட்சை நெருங்குகிறது, கண்ணைக் கவனி.

அத்தை


கருமத்தம்பட்டி,
பிப்ரவரி 23, 2025

என் கண்ணுக்கு,

சுகமா? இங்கே எல்லோரும் சுகம். செங்கோடன் மகள் என்னைப் பார்த்தால் சிரிக்கிறாள்.

நேற்று உன் அப்பன் வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தான். காப்பி கொடுத்தேன், குடித்தான். "போனது போகட்டும் பொன்னா. கோபிக்காரங்களுக்கு வார்த்தை குடுத்துப்போட்டேன். இனி ஒரு குஞ்சு நெறம் மாறுனாலும் பண்ணைய மூடிப்போடறேன்னு நாலு பேரு முன்னாடி சொல்லிப்போட்டேன். உன்ற கறுப்புச் சேவலக் குடு. சூட்சுமம் அதுலதான் இருக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றான்.

என்ன இருந்தாலும் கூடப் பிறந்தவன், மெலிந்து போயிருந்தான். மனசுக்குள் ஒன்று நினைத்துக்கொண்டேன். "குடுக்கறனுங்ணா. எதிர் ஊட்டுலதான் செங்கோடன் இருக்கான். போயி ஒரு வார்த்தை, தப்புத்தான்னு சொல்லிப்போட்டு வாங்க" என்றேன். அதைச் சொல்லியிருந்தால் பொட்டைகளையும் கொடுத்து, விவரத்தையும் சொல்லி அனுப்பியிருப்பேன். சாமி சத்தியம்.

"வேலைக்காரன்கிட்டயா? நானா?" என்றான்.

சரி என்று எழுந்து சேவலைப் பிடித்தேன். "பொட்டைக வேண்டாமுங்களா?" என்று அதற்கு மேலும் ஒரு தடவை கேட்டேன். "அந்த அழுக்கெல்லாம் எனக்கெதுக்கு? நீயே வெச்சுக்க" என்றான். காலைக் கட்டிக் கையில் கொடுத்தேன். எனக்கு நஷ்டம் இல்லை. மைதானத்தில் பொறுக்கியதில் கறுப்புச் சேவல்கள் கொக்கரித்துக்கொண்டு திரிகின்றன.

கறுப்புச் சேவலும் மேகப் பொட்டையும் சேர்ந்தால் என்ன வரும் என்று உன் நோட்டில் போட்டுப் பார். நான் விரல் விட்டுப் பார்த்துவிட்டேன், சரியா என்று மட்டும் சொல். அவன் உன்னைக் கேட்டாலும் கேட்பான். இந்தத் தடவை சத்தியம் ஒன்றும் வாங்கவில்லை. உனக்குத் தோன்றுவதைச் சொல்.

மனசு போல நல்லதே நடக்கட்டும்.

அத்தை


பெருந்துறை,
மார்ச் 16, 2025

அன்பு அத்தைக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். மாதிரித் தேர்வில் மரபியலில் எல்லாம் சரி. கிருபாசங்கர் சார் வகுப்பில் எழுப்பி நிற்க வைத்துச் சொன்னார். செங்கோடண்ணன் மகளுக்கு என் முத்தம்.

நீங்கள் விரல் விட்டுப் பார்த்தது சரிதான். சேவலிடம் இருப்பது இரண்டும் கறுப்பு. மேகப் பொட்டையிடம் ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. பாதிக் குஞ்சு மேகம், பாதிக் குஞ்சு கறுப்பு. அழுக்கு வெள்ளைப் பொட்டை இல்லாமல் முழுசாக மேகம் வராது.

இன்று அப்பா வந்தார். அம்மா செய்த இனிப்பு ஒப்பிட்டு கொண்டுவந்தார். முகம் தெளிவாக இருந்தது. கையெழுத்துப் பத்திரத்தையும் பையில் கொண்டுவந்திருந்தார். பரீட்சை முடியட்டும் என்றேன், சரி என்று உள்ளே வைத்தார்.

பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஏங்கண்ணு, கட்டம் போட்டு என்னமோ சொன்னியே. கறுப்புச் சேவல் வந்துருச்சு. அதுப்படி பாத்தா இனி அத்தனையும் மேகமாத்தான வரும்?" என்று கேட்டார். பாடத்தில் என்ன இருக்கிறது என்று அப்பா என்னிடம் கேட்டது இதுவே முதல் தடவை. போன வருடம் என்றால் ஓடிப்போய் நோட்டை எடுத்து வந்திருப்பேன். நோட்டு மேஜை மேல்தான் இருந்தது.

"சேவல் வந்தாப் போதுமுங்கப்பா. பொட்டைல என்னங்க இருக்குது?" என்றேன்.

அப்பா என் தலையைத் தடவிக் கொடுத்தார். "இப்பத்தான் நீ நம்ம கூட்டத்துப் புள்ள" என்றார். கோபிக்கு அடுத்த மாதம் முட்டை அனுப்புகிறாராம்.

உங்கள் நந்திதா